பதினேழாவது கேள்வி வந்த கதை

போன வாரம் உங்கள் சமரசப் பயிற்சி வகுப்பில் என்னைப் பேசச் சொன்னீர்கள். சால்வை போட்டு, சர்க்கரை இல்லாத காபி கொடுத்து, மைக்கையும் கையில் கொடுத்தீர்கள். பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் எல்லாரும் என்ன பேசுவார்களோ அதைத்தான் பேசியிருப்பேன். அதற்குப் பிறகு உங்களில் ஒருவர் புது மென்பொருளை எனக்குப் போட்டுக் காட்டினார். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு மளமளவென்று பதில்களைத் தட்டிக்கொண்டே வந்தவர், பதினேழாவது கேள்வி வந்ததும் அதைத் தாண்டிப்போகும் பொத்தானை அழுத்தினார். “இதுக்கு எல்லாரும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சார் சொல்வாங்க. டைம் வேஸ்ட்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். “இந்தச் சொத்து நாளைக்கு வெளியாள் கைக்குப் போனால் உங்கள் பங்குக்கு என்ன ஆகும்?” என்பது கேள்வி. அந்தக் கேள்வி எழுதப்பட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது எழுதப்படக் காரணமும் நான்தான். வகுப்பில் அதைச் சொல்லத் தெம்பில்லை. முப்பது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடிய கதையில்லை அது. அதனால் எழுதி அனுப்புகிறேன். முடிந்தால் படியுங்கள்.

அப்போது எங்கள் சமரச மையம் மாயவரத்தில், ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மழைக்காலத்தில் யூரியா வாசனை படியேறி வரும். மையத்தை நடத்தியவர் ஓய்வு பெற்ற சப் ஜட்ஜ் அம்மா ஒருவர். நான் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து, அந்த அம்மா கூப்பிட்டதற்காக வேலையை விட்டுவிட்டு வந்தவன். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், குவைத், துபாய் என்று போய்க்கொண்டிருந்த காலம். போனவர்கள் லீவில் வருவது ஒரு மாதத்துக்கு. அந்த ஒரு மாதத்துக்குள் கல்யாணம், காதுகுத்து, கருமாதி, பாகப்பிரிவினை எல்லாம் முடிய வேண்டும். கோர்ட்டுக்குப் போனால் பதினைந்து வருஷம். அதனால் எங்கள் மாடிப்படியில் கூட்டம் குறையவே குறையாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு மென்பொருளும் கொடுத்தது. கூடவே, அதைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். வித்யா என்று பெயர். மென்பொருள் செய்தது சின்ன வேலைதான். முதலில் சொத்தைப் பற்றிப் பதினாறு கேள்வி கேட்கும். பங்காளிகள் இருவருக்கும் ஆளுக்கு நூறு புள்ளி. பிரிக்கவேண்டிய சொத்துகளின் பட்டியல் திரையில் வரும். எது உனக்கு எவ்வளவு முக்கியமோ அதற்கேற்பப் புள்ளியைப் பிரித்துப் போட வேண்டும். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. கடைசியில் அது கணக்குப் பார்த்து, யாருக்கு எதைக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் அதிகத் திருப்தி என்று சொல்லும்.

அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் மனுஷர்கள் அந்தப் பெட்டியிடம் கேட்டார்கள். குத்தாலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தையில்லாமல் இருந்தார்கள். ஒருவர் துபாயில், ஒருவர் கடையில். புள்ளிகளைப் பார்த்தால் ஒருவருக்கு வேண்டியது கடையின் பெயர் மட்டும், இன்னொருவருக்கு வேண்டியது பின்பக்கக் குடோன். மூன்று வருஷச் சண்டை இருபது நிமிஷத்தில் முடிந்தது. கீழே இறங்கிப் போய் ஒரே கடையில் பிரியாணி சாப்பிட்டார்கள். அன்றைக்கு எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. இனிமேல் மனுஷன் வாயைக் கிளறத் தேவையில்லை, பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இந்தக் கதையின் தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது.

கலியபெருமாளும் அவர் தம்பி குணசேகரனும் எங்களிடம் வந்தது அவர்கள் அம்மாவின் கருமாதி முடிந்த மறுவாரம். சீர்காழிக்குக் கிழக்கே, கடல் காற்று வந்துபோகும் ஊர். கலியபெருமாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பயிர்த்தொழில். குணசேகரன் பன்னிரண்டு வயது இளையவர். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் சூப்பர்வைசர். சண்டையென்று ஒன்றும் இல்லை. சண்டை வருவதற்கு முன்னால் பிரித்துக்கொண்டால் நல்லது என்று வந்தவர்கள். அப்படி வருகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோவில் பிரசாதம் கிடைத்த மாதிரி இருக்கும்.

சொத்து நான்குதான். ஊருக்குள் ஒரு வீடு. ஒரு தென்னந்தோப்பு. தார்ரோட்டை ஒட்டி மேல் வயல் ஒன்பது மா, அதற்குக் கிழக்கே கீழ் வயல் ஒன்பது மா. மூன்று மா என்றால் ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் மேல் வயலோடு நின்றுவிடும். அங்கே மடை திறந்தால் தண்ணீர் மேல் வயலை நனைத்துவிட்டு, வரப்பில் வெட்டிய வாய்மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். ஐப்பசி மழையில் தேங்கும் தண்ணீரும் மேல் வயல் ஓரமாகத்தான் சுற்றிக்கொண்டு வடிகாலுக்குப் போகும். போர் போடலாம் என்றால் அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆற்றுத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லாத ஊர்.

ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். கலியபெருமாளுக்காக வித்யா தட்டினாள். அவர் கீழ் வயலுக்கு அறுபது போட்டார். வீட்டுக்கு இருபத்தைந்து, மேல் வயலுக்குப் பத்து, தோப்புக்கு ஐந்து. தம்பி மேல் வயலுக்கு அறுபத்தைந்து, தோப்புக்கு இருபது, வீட்டுக்குப் பத்து, கீழ் வயலுக்கு ஐந்து. பெட்டி யோசிக்கவே இல்லை. அண்ணனுக்குக் கீழ் வயலும் வீடும், தம்பிக்கு மேல் வயலும் தோப்பும். இரண்டு பேருக்கும் திருப்தி எண்பத்தைந்து. ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எழுந்து நின்று கை தட்டினேன்.

அப்போது வித்யாதான் கேட்டாள். “ஏனுங்க சார், இந்தக் கீழ் வயலுக்குத் தண்ணி எப்படிங்க வரும்?”

அவள் ஊரில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிணறு இருக்கும். நான் சிரித்தேன். “மேலேர்ந்து கீழதான்மா வரும். கீழேர்ந்து மேல ஏறுமா?” என்றேன். குணசேகரனும் சிரித்தார். கலியபெருமாள் இன்னும் அதிகமாகச் சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைக்கத் திரும்பிவிட்டாள்.

நானும் பயிர்க்காரன் வீட்டுப் பிள்ளைதான். மேல் வயல்காரன் மடை திறந்தால் கீழ் வயலுக்குத் தண்ணீர் போகும் என்பது, மூச்சு விட்டால் காற்று வரும் என்பது மாதிரி எனக்கு. அதை யாராவது பட்டியலில் எழுதுவார்களா? வெளியூர்ப் பெண்ணுக்குத் தோன்றிய கேள்வி, இந்த மண்ணில் பிறந்த எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. மேல் வயல் எதற்கு வேண்டும் என்று தம்பியைக் கேட்டிருக்க வேண்டும். தினமும் பஸ்ஸில் வரும்போது ரோட்டோரமெல்லாம் மஞ்சள் கல்லும் கலர்க் கொடியும் நட்டு மனை போடுவதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆனாலும் கேட்கவில்லை. எண்பத்தைந்துக்கு எண்பத்தைந்து வந்துவிட்டதே! பத்திரம் எழுதிப் பதிவும் செய்தாயிற்று. குணசேகரன் போகும்போது எனக்கு ஒரு தைலப் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கழித்து, ஆடி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்திருந்த சமயம், ஒரு காலையில் ஒரு அம்மா படியேறி வந்து மூச்சு வாங்க நின்றார். கலியபெருமாளின் மனைவி தையல்நாயகி. அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கையில் ஒரு மஞ்சள் பை. தண்ணீர் கொடுத்ததையும் குடிக்கவில்லை.

“நாளைக்குப் பத்து மணிக்கு ரெஜிஸ்தர் ஆபீஸ்ல பத்திரம் சார். தம்பியோட பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுறாராம். மேல் வயல் பூராவும் பிளாட் போடப் போறாங்க. லாரி லாரியா மண்ணு அடிச்சு மூணடி தூக்கிடுவாங்களாம். அப்புறம் எங்க வயலுக்கு எப்படி சார் தண்ணி வரும்? மழை பேஞ்சா எப்படி வடியும்?”

வித்யா தன் மேஜையிலிருந்து தலை நிமிரவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“உங்க வீட்டுக்காரர் தம்பிகிட்டப் பேசலையா?”

“அவங்க எங்க பேசுவாங்க? நான் இங்க வந்ததே அவங்களுக்குத் தெரியாது. வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். ஓரமா எட்டடி விட்டாப் போதும் சார். ஒரு வாய்க்கா போவும். எட்டடிதான்.”

எட்டடிதான். மனை போடுகிறவன் எப்படியும் தெருவுக்கென்று இடம் விட வேண்டும். விற்பவர் ஒரு வார்த்தை சொன்னால் ஓரமாக எட்டடியைத் தள்ளிப் பத்திரம் எழுதுவதில் அவனுக்கு நஷ்டமில்லை. ஆனால் பதிவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். பதிவாகிவிட்டால் யாரும் யாரையும் கேட்க முடியாது. தண்ணீருக்குப் பாத்தியதை இருக்கிறது, வழக்குப் போடலாம் என்று உங்களில் சட்டம் படித்தவர்கள் சொல்வீர்கள். போடலாம்தான். தம்பி விற்ற நிலத்தின் மேல் கேஸ் போடுகிற ஆளா கலியபெருமாள்?

அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். குணசேகரன் கிடைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஆமா சார். நான் யோசிக்கவே இல்ல. சின்னப் புள்ளையில அந்த வாய்மடையிலதான் மீன் புடிப்பேன். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?” என்றார். பிறகு, “அண்ணன் சொல்லச் சொன்னாரா?” என்று கேட்டார்.

“இல்லை. உங்க அண்ணி வந்திருக்காங்க.”

“அண்ணி வந்தது சரி சார். அண்ணன் ஒரு வார்த்தை கேக்கட்டும். குடுத்துடறேன். எட்டடி என்ன, பதினாறு அடி குடுக்கறேன்.”

“சின்ன விஷயம்தானே, நீங்களே ஏஜென்ட்கிட்டச் சொல்லிடலாமே” என்றேன்.

“சின்ன விஷயம்தான் சார். அதனாலதான் கேக்கச் சொல்றேன். நான் இங்க வந்து இத்தனை வருஷம் ஆச்சு. ஒரு லெட்டர்ல, ஒரு போன்ல, எனக்கு இது வேணும்டா தம்பின்னு அண்ணன் கேட்டதே இல்ல. நான் அனுப்புன வாட்ச் டப்பா பிரிக்காம பெட்டியில இருக்கு. அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூட எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எனக்குச் சொன்னாரு. நான் யாரு சார் அவருக்கு? ஒரு தடவை கேக்கட்டும். உங்க டயத்துக்கு அஞ்சு மணிக்கு நான் ஆபீஸ் போன்கிட்ட இருக்கேன். அவரே பேசினா நல்லது. பேசக் கூச்சமா இருந்தா உங்ககிட்டச் சொல்லட்டும், நீங்க சொல்லுங்க. போதும்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதானே. அந்த அம்மாவை முதல் பஸ்ஸில் அனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் நான் போனேன்.

கலியபெருமாள் கீழ் வயலில் நாற்றங்காலுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தார். மேல் வயல் தரிசாகக் கிடந்தது. அளவுக்கல் நட்டிருந்தார்கள். ஆனால் வாய்மடை வழியாகத் தண்ணீர் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்கூட வந்தது. நாளைக்குப் போகப்போகிற தண்ணீரை இன்றைக்கு இந்த மனுஷன் இவ்வளவு நிதானமாகப் பாய்ச்சிக்கொண்டிருக்கிறாரே என்று.

வரப்பில் உட்கார்ந்தோம். சுற்றி வளைக்காமல் சொன்னேன். “தம்பி குடுக்கறேங்கறார். நீங்க ஒரு வார்த்தை கேட்டாப் போதும்.”

அவர் கையில் இருந்த சேற்றை வழித்துப் போட்டார். “தண்ணியப் போயி கேட்டு வாங்குவாங்களா சார்? மேல மடை தொறந்தா கீழ வருது. எங்கப்பாகிட்ட நான் கேட்டேனா? எங்கப்பா அவங்க பெரியப்பாகிட்ட கேட்டாரா? அவங்க ரெண்டு பேருக்கும் வெட்டுப்பழி, குத்துப்பழி. இருந்தும் ஒரு நாள் தண்ணி நின்னதில்ல.”

“அது அப்போ. இப்ப வெளியாளுக்குப் போகுது.”

“போவுதுன்னு அவனுக்குத் தெரியாதா? இந்த வயல்ல பொறந்து வளந்த பய. அவனுக்காத் தோணணும்.”

“தோணல. மறந்துட்டார். இப்ப ஞாபகம் வந்துடுச்சு. நீங்க கேக்கணும்னு ஆசைப்படறார், அவ்வளவுதான். கேக்கலைன்னா வயல் போயிடும் கலியபெருமாள்.”

“போவட்டும் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “வயல் போனாப் போவுது. கேட்டு வாங்கிட்டேன்னு வைங்க, அன்னைக்கோட தம்பி போயிடுவான். அப்புறம் அவன் குடுத்தவன், நான் வாங்குனவன். அவன் இப்ப எட்டு வயசுப் புள்ள இல்ல, எனக்குத் தெரியும். ஆனா நான் அவன அப்படித்தான் சார் வச்சிருக்கேன். தூக்கி வளத்த கையை அவன்கிட்ட எப்படி நீட்டுறது?”

இதைத் தம்பியிடம் அப்படியே சொல்கிறேனே என்று கெஞ்சினேன். “அய்யய்யோ, இதெல்லாம் அவன்கிட்டச் சொல்லிடாதீங்க. உங்ககிட்டதான் சொன்னேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கைச்சேறு என் கையில் ஒட்டியது.

ஒருவர் தனியே சொன்னதை அவர் சம்மதமில்லாமல் மற்றவரிடம் சொல்லக் கூடாது. இதை உங்களுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஜட்ஜ் அம்மா. “ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்டக் கூட்டியும் சொல்லாதே, குறைச்சும் சொல்லாதே. அன்னைக்கே நீ தரகன் ஆயிடுவே” என்பார். தரகன் என்ற சொல்லை அந்த அம்மா சொல்கிற விதத்தில் நமக்கு உடம்பு கூசும்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டெலிபோன் பூத் இருந்தது. ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். தையல்நாயகி எனக்கு முன்னாலேயே வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“கேக்க மாட்டேன்னுட்டாங்களா?”

தலையாட்டினேன்.

“கேட்டாருன்னு சொல்லிடுங்க சார்.” குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. இது ஒரே ஒரு பொய்தானே. யாருக்குத் தெரியப் போவுது? இவங்க ரெண்டு பேரும் இதப் பத்திச் சாகுற வரைக்கும் பேசிக்க மாட்டாங்க.”

அது சத்தியமான பேச்சு. அந்த இரண்டு பேரையும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்திருந்தது. தையல்நாயகிக்கோ கல்யாணமான நாளிலிருந்து தெரியும். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா. இந்த வேலைக்கு அது தர்மமில்லை” என்றேன். சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் குணசேகரன் எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க சார். அண்ணன் கேட்டாரா?”

ஒரு சொல். ‘ஆமாம்’ என்றால் போதும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல்நாயகி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்குப் பயிற்சியில், அவசரத்தில் முடிவெடுப்பது பற்றி நிறையச் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தில் அதெல்லாம் ஒன்றும் வராது. நீங்கள் அதுவரை எப்படிப்பட்ட ஆளாக இருந்தீர்களோ அந்த ஆள்தான் வாயைத் திறப்பான். நான் குமாஸ்தாவாக இருந்தவன். ஏட்டில் இருப்பதை இருக்கிறபடி நகல் எடுத்துக் கொடுப்பதுதான் என் பழக்கம்.

“கேக்கல” என்றேன். “ஆனா அவர் மனசுல வேற ஒண்ணும் இல்லை குணசேகரன். நீங்களே பார்த்துச் செய்யுங்க. நாளைக்குப் பதிவு ஆயிட்டா…”

“கேக்கலியா?”

“இல்லை.”

“சரி சார்” என்றார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் பதிவு முடிந்துவிட்டது. மண் அடித்தார்கள். அந்த வருஷம் கலியபெருமாள் டீசல் இன்ஜினை வைத்து ரோட்டோரக் கால்வாயிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் இழுத்தார். எப்படியோ நட்டுவிட்டார். ஐப்பசியில் மழை பிடித்தபோது தண்ணீர் வடிய வழியில்லாமல் சம்பா பூராவும் அழுகிப்போனது. அடுத்த வருஷமும் அதே கதை. மூன்றாவது வருஷம் விதைக்கவில்லை. புருஷனும் பெண்சாதியும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஒரு பனியன் கம்பெனி வாசலில் அவருக்கு வாட்ச்மேன் வேலை என்று கேள்விப்பட்டேன். மேல் வயலில் பாதி மனைகூட விற்கவில்லை. கருவேலம் மண்டிப்போயிற்று.

பதிவான அன்றைக்கே ஜட்ஜ் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “நீ செஞ்சது விதிப்படி சரி” என்றார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, “முப்பது வருஷம் நானும் விதிப்படி சரியாத்தான் தீர்ப்பு எழுதினேன்பா. அது போதும்னு இருந்திருந்தா ரிட்டையர் ஆனப்புறம் இந்த மாடிக்கு ஏன் வரேன்?” என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

வித்யா அந்த வாரமே உட்கார்ந்து பதினேழாவது கேள்வியை எழுதிச் சேர்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குக் கேள்வி தெரிந்திருந்தது, எங்கள் ஊர் வார்த்தைதான் தெரியவில்லை. சேர்த்த பிறகும் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் “ஒண்ணும் ஆகாது சார்” என்றுதான் சொன்னார்கள். சொன்னவர்களையெல்லாம் நான் எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் வயலைப் பார்த்தேன். என் முழங்கால் போனது அப்படித்தான். உங்கள் மென்பொருள் இப்போது எவ்வளவோ கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. ஆளைப் பார்க்காமலே, ஊர் விட்டு ஊர் இருந்துகொண்டே பேசி முடிக்கலாம் என்கிறீர்கள். முடியுங்கள். ஆனால் ஒருவர் சிரித்துவிட்டுத் தள்ளுகிற கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். கேட்காமலே கிடைக்கும் என்று அவர் எதை நினைத்திருக்கிறாரோ, அதுதான் அங்கே இருக்கும்.

பொய் சொல்லலாமா, கூடாதா என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் குணசேகரன் ஒரு நாள் வந்தார். தலை நரைத்திருந்தது. திருப்பூர் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். கம்பெனி வாசலில் ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்தார்களாம். மழை பற்றிப் பேசினார்களாம். வயல் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அன்னைக்கு மூணு மணியிலேர்ந்தே போன் பக்கத்துல உக்காந்திருந்தேன் சார்” என்றார். “ஏஜென்ட் நம்பரைக் கையில எழுதி வச்சுக்கிட்டு. நீங்க கேட்டாருன்னு ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா?” என்று கேட்டேன்.

“எப்படி சார் நம்புவேன்? எங்க அண்ணன் கேக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா?” என்றார். “ஆனா குடுத்திருப்பேன்.”